ஆர்.சி. புத்தகத்தில் அடங்காத ஜீப்பு

பழைய ஜீப்பை வாங்குகிற அமெரிக்கர் அதைக் காட்டுக்கும் பாறைக்கும் போவதற்காக மாற்றுவார். சாத்தூர், விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் நடந்தது நேர் எதிர். இங்கே கரடுமுரடுக்காக எதையும் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் வண்டித்தடம், அதைத் தாண்டினால் ஓடை, அதற்கப்பால் கம்மாய்க்கரை. ஜீப்புக்கு அதெல்லாம் பழகிய இடம்தான். அதை வைத்துக்கொண்டு தினப்படி சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வருவதுதான் பெரும்பாடு. கதவு கிடையாது, கூரை என்று பார்த்தால் படுதா, உட்கார்ந்தால் முதுகு கழன்றுவிடும், பெட்ரோலையோ குடம் குடமாகக் குடிக்கும். தென் மாவட்டப் பட்டறைகளில் ஐம்பது அறுபது வருஷமாக ஜீப்புக்கு நடந்த வைத்தியமெல்லாம் இந்தக் குறைகளுக்குத்தான்.

யாரும் ஜீப்பை வீட்டு வண்டியாக நினைத்துச் செய்யவில்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு உளவு வண்டி வேண்டும் என்று கம்பெனிகளிடம் கேட்டது. கெடுவோ மிகக் குறைவு. பான்டம் என்ற சின்னக் கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுக்க, செப்டம்பர் 23 அன்று முதல் மாதிரி ராணுவத்தின் ஹோலபர்ட் முகாமுக்கு ஓடி வந்து நின்றது. பான்டத்தால் ஆயிரக்கணக்கில் செய்து தர முடியாது என்று வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைசக்தி, மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம், ஒல்லியான 6.00-16 டயர். போர்க்களத்தில் சில மாதம் ஓடினால் போதும் என்ற கணக்கில் செய்த வண்டி எண்பது வருஷம் கழித்தும் ஓடும் என்று ப்ராப்ஸ்ட் நினைத்திருக்க மாட்டார்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் வண்டி’ என்று அவற்றுக்குப் பெயர். வண்டியைத் தன் தேவைக்கு வளைக்கிற பழக்கம் அதற்கு முன்பே தென் மாவட்டங்களில் ஊறிப்போயிருந்தது. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியைப் புகைத்து வாயு எடுக்கும் ‘கேஸ் பிளான்ட்’ செய்து பஸ்களில் பொருத்தியது. அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய அந்த பஸ்களைப் பார்த்து வளர்ந்த மெக்கானிக்குகளுக்கு, கம்பெனி கொடுத்த எஞ்சின்தான் கடைசிவரை இருக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றியிருக்காது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரும் பழைய ஜீப்பைப் பற்றியதுதான். காஷ்மீர் போர் சமயத்தில், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் 80 லட்சம் ரூபாய்க்கு, பழுது பார்த்த ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் போட்டார். பெரும்பகுதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் ஓடும் நிலையில் இல்லை. 1955-ல் மத்திய அரசு அந்த விவகாரத்தை மூடியது.

அதற்குள் பம்பாயில் இன்னொரு கதை தொடங்கிவிட்டது. 1945 அக்டோபர் 2 அன்று இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி, பாகிஸ்தான் பிரிந்தபின் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. நாற்பதுகளின் இறுதியில் வில்லிஸிடமிருந்து உதிரிகளாக வந்த 75 ஜீப்புகளை மஸகானில் கோத்து விற்றது. 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த, பானட் உயர்ந்த சிஜே3பி மாடல்தான் பிறகு இங்கே நிலைத்தது. அமெரிக்காவில் 1968-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அதே முகமும் அதே உடம்புமாக, பெயர் மட்டும் மாறி மாறி, 2010 வரை ஏதோ ஒரு வடிவில் அது வந்துகொண்டே இருந்தது. நாற்பது வருஷ உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதே எந்தப் பட்டறைக்காரருக்கும் பெரிய வரம்.

கிராமத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது அரசாங்கம். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. (அக்டோபர் 2-க்கும் ஜீப்புக்கும் என்னவோ ஒரு பொருத்தம் இருக்கிறது, மஹிந்திராவின் புதிய ‘தார்’ ஜீப்பு விற்பனைக்கு வந்ததும் 2020-ல் அதே தேதியில்தான்.) காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958-ல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின; ஒன்றியத்துக்கு ஒரு பி.டி.ஓ., பி.டி.ஓ.வுக்கு ஒரு ஜீப்பு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் 11 ஒன்றியங்கள். காரே நுழையாத ஊர்களில் முதலில் நுழைந்த நாலு சக்கர மோட்டார் பி.டி.ஓ. ஜீப்பாகத்தான் இருந்தது. அதன் பின்னால் ஓடாத பிள்ளைகள் குறைவு.

அந்த ஜீப்புகள்தான் பிறகு ஜனங்களின் கைக்கு வந்தன. அரசு வண்டி வயதாகிவிட்டால் கண்டம் செய்து ஏலம் விடுவார்கள். மில் முதலாளியும் ஜமீன் வாரிசும் புது ஜீப்பு வாங்கினார்கள்; சம்சாரியும் வியாபாரியும் ஏலத்தில் கண்டம் ஜீப்பு எடுத்தார்கள். ஏலத்தில் எடுத்த வண்டி பெரும்பாலும் கயிறு கட்டித்தான் ஊர் வந்து சேரும். நேராகப் போய் நிற்கும் இடம் பட்டறை. ஆக, இங்கே தனியார் ஜீப்பின் வாழ்க்கை ஷோரூமில் தொடங்கவில்லை, பட்டறையில் தொடங்கியது.

அந்த வண்டி எந்த மண்ணில் ஓட வேண்டியிருந்தது என்று பார்க்காமல் பட்டறையில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் கரிசல். மழை குறைந்த சீமை. வருகிற மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து முடிந்துவிடும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், எந்த வண்டியும் போகலாம். மழை விழுந்துவிட்டால் களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பசையாகிவிடும். நடக்கிறவர் காலில் செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு முளைக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்தில் மண் அப்பி, ஆரக்கால் தெரியாமல் வட்டத் தட்டாகிவிடும்.

ஜீப்புக்கும் இதே கதிதான். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருப்பதால் கரிசலில் எங்கும் போகலாம் என்று நினைப்பவர்கள் அதில் ஒருமுறை மாட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். டயரின் பட்டன் இடுக்குகளில் மண் ஏறி அடைத்துவிட்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து சும்மா சுற்றும், வண்டி வயிறு தட்டி உட்காரும். இந்த மண்ணில் அகலமான டயரைவிட, வில்லிஸ் கொடுத்த ஒல்லி டயருக்கே மதிப்பு அதிகம். அது மேல்சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அடியிலிருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். இன்றைக்கு ஆசைக்கு அகலச் சக்கரம் மாட்டுகிறவர்கள் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறார்கள்; கார்த்திகை மாதக் கரிசல் அந்தக் கம்பீரத்தைக் கண்டுகொள்வதில்லை.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வேறு ரகம். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்வெளி, சில நாள் வெள்ளம். தரைப்பாலம் முழுகினால் அக்கரை ஊர் அக்கரையிலேயே நிற்கும். நனைந்த டிரம் பிரேக் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது என்பதால், ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டிச் சூடேற்றிக் காயவைப்பது பழைய ஜீப் டிரைவர்களின் கைப்பழக்கம். பட்டறைகளில் பின்னாளில் டிஸ்க் பிரேக் வைத்ததற்குத் தேசிய நெடுஞ்சாலையின் வேகம் ஒரு காரணம் என்றால், இந்த ஓடைகள் இன்னொரு காரணம்.

இனி எஞ்சின் மாற்றத்துக்கு வருவோம். தென்னாட்டு ஜீப்பின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது. பெட்ரோல் ஜீப்பு லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே கெட்டிக்கார வண்டி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குக் கடிவாளம் போட, இந்தியாவில் பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறியது. அதைக் கண்டித்து அந்த நவம்பரில் வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் வந்தார். அவருக்கு அது ஒருநாள் போராட்டம். கண்டம் ஜீப்பு வைத்திருந்த சம்சாரிக்கோ மாட்டு வண்டிக்குத் திரும்புவதா, டீசலுக்கு மாறுவதா என்ற கேள்வி தினமும் இருந்தது.

டீசல் எஞ்சின் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் ஐம்பதுகளிலேயே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. லாரியிலும் டிராக்டரிலும் டீசல் பழகிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மஹிந்திராவும் இந்தப் பக்கம்தான் திரும்பியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டில் டிராக்டருக்காகச் செய்த எஞ்சினின் வம்சத்தை ஜீப்புக்குள் வைத்தது. எண்பதுகளில் பிரான்ஸின் பெஷோ நிறுவனத்தின் 2112 சிசி எக்ஸ்டிபி டீசல் வந்தது. 1985-ல் வந்த எம்எம்540 அதில்தான் ஓடியது. பெட்ரோல் ஜீப்பு வைத்திருந்தவர்கள் இந்த எஞ்சின்களைத் தேடிப் பிடித்துத் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். டிராக்டர் எஞ்சினில் ஒரு பெரிய சௌகரியம்: எந்தச் சின்ன ஊரிலும் உதிரி கிடைக்கும், எந்த டிராக்டர் மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஆனால் எஞ்சினை மாற்றினால் அதோடு முடியாது. டீசல் எஞ்சின் கனம் கூடியது, முன்பக்கம் அமுங்கும். கமான் பட்டையில் ஓர் இலை கூட்ட வேண்டும். இலை கூட்டினால் ஓட்டம் இன்னும் முரடாகும், ஸ்டியரிங் இறுகும். டீசலின் சுழற்சி வேகம் குறைவு. பெட்ரோலுக்காக வைத்த 5.38 கிரவுனோடு ஓடினால் எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது. ஆகவே கிரவுனை மாற்ற வேண்டும், கூடவே நாலு கியர் பெட்டியும். டீசலின் உதறலில் பழைய எஞ்சின் மவுண்ட் நிற்காது, ரேடியேட்டர் ஒழுகும், படுதாச் சட்டத்தின் வெல்டிங் விடும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரரும் வெல்டரும் டிங்கரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து ஒரு ஜீப்பை முடித்தபோது, அதில் வில்லிஸ் வரைந்தது பாதியும் அவர்கள் வரைந்தது பாதியுமாக இருந்தது. காகிதத்தில் ஒரு கோடுகூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. டீசல் மிச்சமாகட்டும் என்று பலர் முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டையே கழற்றி வீட்டில் போட்டார்கள். கம்பெனியும் நாடி பார்த்து, முன்சக்கர இழுவையே இல்லாத ஜீப்புகளை விற்றது. ராணுவம் எதற்காக இந்த வண்டியைக் கேட்டதோ அதையே விட்டுவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்தாயிற்று.

உடம்பு மாறிய கதை மலைப்பக்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும். தேனி மாவட்டத்தின் தேவாரம், போடி, கம்பத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் கூலியாட்கள், அதிலும் பெண்கள், ஜீப்பில்தான் மலையேறுகிறார்கள். பின்பக்கம் நீட்டி, எதிரெதிரே பெஞ்சு போட்டு, கூரையில் கம்பி கட்டிய ஜீப்புகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்பை நீட்டி, மணிலாக்காரர்கள் ‘ஜீப்னி’ என்ற நகர பஸ்ஸாக்கிக்கொண்டதும் இதே கணக்குதான். மணிலா ஜீப்னிக்கு வண்ணமும் பேரும் புகழும் கிடைத்தன. தேனி ஜீப்புக்குக் கிடைத்தது பெரும்பாலும் விபத்துச் செய்தி. ஆறேழு பேருக்கான வண்டியில் பதினைந்துக்கு மேல் ஏற்றி வளைவில் இறங்கும்போது, எந்தப் பட்டறைக்காரரின் கூடுதல் இலையும் காப்பாற்றாது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இன்றும் கேரளத்துச் சூரியநெல்லிக்குச் சுற்றிப்போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். அந்தப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவையும் இதே வம்சத்து வண்டிகள்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையும் மலைதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்து மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் ஜீப்பு தோதான வண்டி. அதற்கு மேலே ஏற வழியில்லை. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. வனத்துறை வண்டியைத் தவிர மற்றவற்றுக்கு அங்கே வேலை இல்லை, இருக்கவும் கூடாது. சாகசத்துக்கு மலையேறப் புறப்படும் ஜீப்புக்காரர்கள் அடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு இந்தப் பக்கமே திரும்ப வேண்டியதுதான்.

சிவகாசியின் கதை தனி. பட்டாசு ஆலை வாசலில் மோட்டார் வண்டியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்தால் என்னாகும் என்பதை அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய அளவில் ஆட்களை ஏற்றி இறக்கியது ஆலை பஸ்களும் வேன்களும். 1983-ல் ஸ்மிது கோத்தாரி தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எழுதிய கட்டுரை, இருட்டோடு கிராமம் கிராமமாகப் போய்ச் சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்த அந்த பஸ்களை நாடறியச் செய்தது. கரிசல் சீமையின் மோட்டார் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்; ஜீப்பின் பெருமையைப் பேசும்போது சௌகரியமாக மறந்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளோடு ஜீப்பின் தினப்படி வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1997-ல் மினிபஸ் திட்டம் வந்தது. பஸ் பார்க்காத ஊர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு பஸ் போனது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டி, மூட்டை ஏற்றும் வேலையை அதனிடம் கொடுத்தார்கள். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலை நாலு வழியானபின், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆட்டம் போடும் வண்டியை ஓட்டப் பொறுமை உள்ளவர்கள் குறைந்தார்கள். பல ஜீப்புகள் பழைய இரும்புக்குப் போயின.

மிஞ்சியவற்றைத் தேடி அடுத்த தலைமுறை வந்தது. பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள், கையில் சம்பளம் உள்ளவர்கள். அவர்கள் கேட்பதும் தாத்தா காலத்துக் கோரிக்கைதான், கொஞ்சம் செழிப்பாக: பொலிரோவின் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், 12 வோல்ட், கெட்டிக் கூரை, முடிந்தால் ஏசி. ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊரில் உதிரிகளைக் கோத்துப் புது ஜீப்பாகவே கட்டித் தருகிறார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் வண்டி வருகிறது. மஹிந்திராவும் கடைசியில் பட்டறைகளின் பட்டியலைத் தன் ஆலைக்குள் கொண்டுபோய்விட்டது. 2010-ல் வந்த முதல் தாரில் நவீன டீசலும் ஏசியும், 2020-ல் வந்ததில் கெட்டிக் கூரையும் ஆட்டோமேடிக் கியரும். 2024-ல் ஐந்து கதவு வைத்த தார் ராக்ஸ். குடும்பத்தோடு போக நீட்டிய ஜீப்பு என்று பார்த்தால், போடி பட்டறைக்காரர் முன்பே செய்து முடித்த வேலை.

இதற்கிடையில் சட்டம் இறுகியது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கி வண்டியை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. பெட்ரோல் ஜீப்பு டீசலாகி, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் திருத்தம் ஏறியது அப்படித்தான். 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2000-ல் திருத்தியபின், கம்பெனி குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்றானது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அதை உறுதி செய்தார்கள். அதே வருஷத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றது. தலைகீழாகக் கவிழக் கூடிய வண்டியில், யாரோ வெல்டிங் வைத்த கூண்டை நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவதை நினைத்தால் சட்டத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், கம்பெனி கொடுத்த வடிவம் எது என்று கண்டம் ஜீப்பைக் கேட்டால் அதற்கே தெரியாது.

2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதிகள் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டன. 50 வயது கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ எண்ணில் பதியலாம். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பதிந்தபின் தினப்படி ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான் எடுக்கலாம். எஞ்சின் மாறிய ஜீப்பு அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது. மாறாத ஜீப்பு நுழையலாம், நுழைந்தால் சந்தைக்குப் போகும் வேலை முடிந்தது. ஆகவே பெரும்பாலான உரிமையாளர்கள் பழைய ஆர்.சி.யையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி ஓட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. புதுப்பிக்கப் போகும் முதல் நாள் அகலச் சக்கரத்தைக் கழற்றி ஒல்லிச் சக்கரம் மாட்டுவதும், முன்பக்க இரும்பு பம்பரை இறக்கி வைப்பதும், பட்டறைகளுக்கு இப்போது வந்திருக்கும் புது வேலை.